அமுதசுரபியும் அணையா அடுப்பும்

நூலை ஆராய்வோர் நாட்டில் பலர். நூலாசிரியனை ஆராய்வோர் அவரினும் பலர். சோறு போடும் அடுப்பை ஆராய்வோர் மட்டும் இல்லை. "பசித்தவனுக்குச் சோறு போடுகிறார்கள், அதிலே என்ன ஐயா ஆராய்ச்சி?" என்ற ஒரே கேள்வியில் வாய் அடைக்கப்படுகிறது. கோயிலைப் பற்றிக் கேட்கலாம், கோட்டையைப் பற்றிக் கேட்கலாம். கொடையைப் பற்றிக் கேட்டால் கொடியவன் என்று பெயர் வரும்.

வரட்டும். கொடை என்பதும் ஒரு கருத்துத்தான். கருத்து எதுவாயினும் எடைபோடப்படத்தான் வேண்டும். யார் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார், என்ன எண்ணிக் கொடுக்கிறார், வாங்கியவன் எந்த முகத்தோடு வீடு திரும்புகிறான் என்பதையெல்லாம் கேளாமல் வாழ்த்துப்பா பாடுவது பகுத்தறிவாளன் வேலையன்று.

ஊரை ஏய்க்கும் போலி நிலையம் ஒன்றைப் பிடித்து வந்து அடிப்பது எளிது. அதனால் யாருக்கும் பயனில்லை. தமிழகத்து அறச்சாலைகளுள் தலைசிறந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: வடலூர்.

1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், பார்வதிபுரம் எனப்பட்ட வடலூர் வெளியில் இராமலிங்க அடிகள் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். ஊர்மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தனர். மன்னன் மானியமும் இல்லை. மடாதிபதி கருவூலமும் இல்லை. உழுது பிழைத்தவர்களின் நிலம் அது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பெரும்பஞ்சம் ஒரிசாவைச் சூறையாடிச் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் வாட்டியிருந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணைந்ததில்லை என்கிறார்கள். இன்று கடலூர் மாவட்டத்திலே, நெய்வேலியின் புகைபோக்கிகளுக்கு அருகிலே, அந்தச் சமையற்கூடம் நாள்தோறும் இயங்குகிறது. போகிறவர் எவராயினும் அமரலாம், உண்ணலாம். பெயரும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை.

பெயர் கேளாமை பெரிய செய்தியா என்று இன்றைய இளைஞர் எண்ணக்கூடும். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சத்திரங்கள் பலவற்றில் பார்ப்பனருக்கு ஒரு பந்தி, மற்றவருக்கு வேறொரு பந்தி. தீண்டாதார் எனப்பட்டோருக்குப் பந்தியே இல்லை. இலையில் விழும் சோற்றுக்கு முன்னே குலம் விழுந்தது. வடலூருக்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்தும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. பொதுமக்கள் நன்கொடையால் நடந்த சேரன்மாதேவி குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதும், அதனை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் குரல் கொடுத்ததும் 1924, 1925-ஆம் ஆண்டுச் செய்திகள். நாட்டு விடுதலைக்குப் பிள்ளைகளை உருவாக்கப்போகிறோம் என்று சொல்லித் தொடங்கிய இடத்திலேயே அந்தக் கதி! அப்படியிருக்க, 1867-இல் ஒருவர் சாதி கேளாத பந்தியை விரித்தார் என்றால், அது சோற்றுக்கொடை மட்டுமன்று. சமூகத்தின் மீது எழுதிய கண்டன உரை.

அந்த உரையை அவர் எழுத்திலும் எழுதினார். "ஜீவகாருண்ய ஒழுக்கம்" என்னும் உரைநடை நூல் தருமசாலையின் கொள்கை விளக்கம் எனலாம். அருட்பாவைப் பாடுவோர் ஆயிரவர். இந்த உரைநடையைப் படித்தோர் மிகச் சிலர். பாட்டிலே உருகுவது எளிது. உரைநடையிலே அவர் சொன்னபடி நடப்பது கடினம் என்பது காரணமாக இருக்கலாம்.

நூலின் உயிரான பகுதி பசியைப் பற்றியது. பசி வந்தால் அறிவு மங்குகிறது, கண் குழிகிறது, கால் தளர்கிறது என்று மருத்துவன் ஒருவன் நோயாளியின் அருகில் அமர்ந்து குறிப்பெடுப்பதுபோல அடுக்கிச் செல்கிறார். பசியின் முன் ஞானியும் பாமரனும் ஒன்று. உண்பிக்கும்போது நாடு, சமயம், குலம், நடத்தை எதையும் வினவாதே என்கிறார். நடத்தையையும் வினவாதே என்ற இடம் கவனிக்கத்தக்கது. புலால் உண்போரைத் தம் நெறிக்குப் புறம்பானவர் என்று பிரித்தவர் அவர். அந்தப் பிரிவினை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் புறம்பானவனுக்கும் பசி வந்தால் சோறு உண்டு என்று அவரே சொல்கிறார். தம் கொள்கைக்கு மாறானவனின் வயிற்றைத் தம் கொள்கைக்குப் பிணையாக வைக்கவில்லை. இன்று சமயம் பரப்பச் சோறு போடுவோரும், வாக்குப் பெறச் சோறு போடுவோரும் இந்த இடத்தில் ஒருமுறை நின்று போகலாம்.

இன்னொரு பகுதி உண்டு. என் கருத்தில் நூலின் சிகரம் அதுவே. கையேந்தி வருபவனைப் பற்றி எல்லாரும் எழுதுவர். கையேந்த மாட்டாதவனைப் பற்றி அடிகள் எழுதுகிறார். மனைவி மக்களின் வாடிய முகத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று அறியாமல், நாவெழாமல் ஊமைபோல் உள்ளுக்குள்ளே குமுறும் மானமுள்ள குடும்பத்தான் ஒருவனை அங்கே காட்டுகிறார். அவனுக்குச் சோற்றைக் கொடுப்பதோடு மானத்தையும் காத்துக் கொடுப்பதே கருணை என்கிறார்.

தோழர்களே, இந்த ஓர் இடத்தை வைத்துக்கொண்டே எல்லா அறநிலையங்களையும் அளந்துவிடலாம் என்பேன். பந்தியில் அமர்ந்தவர் எத்தனை ஆயிரம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். பந்திக்கு வர மாட்டாமல் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவரின் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது? வள்ளுவர் இரத்தலுக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, அடுத்ததாகவே இரவச்சம் என்று ஓர் அதிகாரத்தை வகுத்தார். கேட்க அஞ்சும் நெஞ்சம் ஒன்று உண்டு என்பதைத் தமிழ் அறிந்தே இருந்தது. தமிழ்நாட்டு அறநிலையங்கள்தாம் அறியவில்லை.

புகழ்ந்தாயிற்று, இனி மாறுபடும் இடங்கள். அடிகளின் நூல் பசிக்குக் காரணம் தேடும்போது முற்பிறப்பிலே போய் நிற்கிறது. முன்செய்த தீவினையால் துன்புறுகிறவனுக்கு உதவினால் இறைவன் ஆணைக்கு மாறாகாதா என்று தாமே ஒரு வினாவை எழுப்பிக்கொள்கிறார். விலங்கிட்டுச் சிறையில் வைத்த குற்றவாளிக்கும் அரசன் சோறு போடச் சொல்கிறானே, அதுபோல என்று விடையும் தருகிறார். விடை இரக்கமுள்ளதுதான். உவமை? பசித்தவன் குற்றவாளி ஆகிவிடுகிறான்! நிலத்தை இழந்தவனும், வரி கட்டியே அழிந்தவனும், கூலி குறைக்கப்பட்டவனும் என்றோ எடுத்த பிறவியில் எதையோ செய்துவிட்டவர் வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். நிலத்தைப் பறித்தவன் இந்தப் பிறவியிலேயே, அடுத்த தெருவிலேயே இருக்கிறான். அவன்மீது ஒரு சொல்லும் விழவில்லை.

சோறிட்டால் பிள்ளையில்லாதவருக்குப் பிள்ளை பிறக்கும், சூலையும் குட்டமும் நீங்கும், கல்வியில்லாதவருக்குக் கல்வி வரும் என்று பயன்களையும் அந்நூல் கூறுகிறது. மக்களை இழுக்கச் சொன்ன சொல் என்று சிலர் அமைதி கூறுவர். நான் அதை ஏற்கவில்லை. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயனைக் கருதி இம்மையில் கொடுக்கும் வணிகன் அல்லன் அவன் என்று புறநானூற்றிலே பாடினார். அறத்தை விலைக்கு விற்பது இழிவு என்ற உணர்வு அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு இருந்தது. பிள்ளைப் பேற்றுக்காகப் போட்ட சோறு பிள்ளை பிறந்தவுடன் நின்றுவிட்டால் பசித்தவன் எங்கே போவான்?

இந்த இடத்தில் "மணிமேகலை"யைத் திறக்க வேண்டும். தமிழில் அறச்சாலையைக் காப்பியப் பொருளாக்கியவர் சாத்தனார் ஒருவரே. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியைப் பள்ளிப் பாடத்திலே எல்லாரும் படித்திருக்கிறோம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், ஆதிரை இட்ட முதற்சோறு, காயசண்டிகையின் யானைப்பசி, சிறைக்கோட்டம் அறக்கோட்டமான சிறப்பு! தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா அது. அந்தப் பாத்திரம் அவளுக்கு முன் யாரிடம் இருந்தது, அவன் என்ன ஆனான் என்ற கதையைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அதுவோ காப்பியத்தின் உள்ளமான பகுதி.

அவன் ஆபுத்திரன். பெற்றவள் விட்டுச்செல்ல, பசு பாலூட்ட, பார்ப்பனன் ஒருவன் எடுத்து வளர்த்த பிள்ளை. வேள்விக்குக் கட்டிய பசுவை நள்ளிரவில் அவிழ்த்து விட்டான் என்று விரட்டப்பட்டான். மதுரைக்கு வந்து வீடு வீடாக இரந்தான். இரந்த சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் பிணியாளர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்து உறங்கினான். ஒரு மழை இரவில் பசித்தோர் வந்து எழுப்ப, கையில் ஒன்றுமில்லாமல் அவன் கலங்க, சிந்தாதேவி அமுதசுரபியைக் கொடுத்தாள். தெய்வம் கொடுத்த கதை கிடக்கட்டும். அதற்குப் பின் நடப்பதைப் பாருங்கள்.

அவன் புகழால் இந்திரன் இருக்கை நடுங்குகிறது. கிழவேதியனாக வந்து வரம் தருகிறேன் என்கிறான். ஈவாரும் இல்லாத, ஏற்பாரும் இல்லாத உன் வானுலகம் எனக்கு என்ன தரும் என்று ஆபுத்திரன் நகைக்கிறான். சினந்த இந்திரன் பழிவாங்குகிறான். எப்படி? இடி விழச் செய்தா? நோய் பரப்பியா? இல்லை; மழை பெய்யச் செய்து! வறண்டு கிடந்த பாண்டிநாடு செழிக்கிறது. பசித்தவன் எவனும் இல்லை. ஆபுத்திரன் சோறிட்ட அம்பலத்திலே சூதாடுவோரும் வம்பு பேசுவோரும் கூடுகிறார்கள். உண்பார் உண்டோ என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிறான். யார் இந்தப் பித்தன் என்று மக்கள் சிரிக்கிறார்கள். சாவக நாட்டிலே மழையில்லை, மக்கள் மடிகிறார்கள் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். வழியிலே மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, வற்றாத பாத்திரம், ஊட்டுவதற்கு ஒருயிர் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் விடுகிறான்.

பிறர்க்கென வாழ்ந்தவன் தனக்கென உண்ணவில்லை என்று புலவர்கள் இதற்கு உரை சொல்லி உருகுவர். உருகத்தக்க கதைதான், ஆபுத்திரனிடத்தில் எனக்கும் அன்பு உண்டு. பசி இல்லாத ஊரை விட்டுப் பசியுள்ள ஊரைத் தேடிப் போனானே, அது உண்மையான அறவோன் செயல். ஆனால் கதையின் அடியிலே கிடக்கும் கேள்வியைப் புலவர்கள் தொடுவதில்லை. ஒரு நாடு பசி நீங்கி வாழ்வது ஓர் அறவோனுக்குத் தண்டனையாக எப்படி ஆயிற்று? பொறாமை பிடித்த தேவன் செய்த சூழ்ச்சி மக்களுக்கு வாழ்வாகவும், அருளாளன் செய்த அறத்துக்கு முடிவாகவும் அமைந்த விந்தை என்ன? கொடுப்போனுக்கு ஏற்போன் தேவைப்படுகிறான் என்பதைச் சாத்தனார் அறிந்தே இந்தக் கதையைச் செய்தார் என்று நான் கருதுகிறேன். அமுதசுரபி சோறு தரும். நெல் தராது, ஏரி வெட்டாது, கூலி உயர்த்தாது. பாண்டிநாட்டின் பசியை நீக்கியது பாத்திரமன்று, மழையும் உழவும்.

வடலூரில் அடுப்பு மூட்டி இரண்டே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் இலண்டன் மாநகரிலே வேறொரு வகை அறநிலையம் பிறந்தது. வடலூரின் அருமையும் குறையும் ஒருசேர விளங்க வேண்டுமானால் அதனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1869-இல் தோன்றிய அந்தச் சங்கத்தின் முழுப்பெயர், அறவுதவியை ஒழுங்குபடுத்துவதற்கும் இரத்தலை ஒடுக்குவதற்குமான சங்கம் என்று பொருள்படும். வறுமையை ஒடுக்குவதற்கு அன்று, இரத்தலை ஒடுக்குவதற்கு! வடலூர் எதையும் வினவாமல் சோறிட்டது. இலண்டன் எல்லாவற்றையும் வினவிய பின் சோறிடலாமா என்று எண்ணியது. வட்டந்தோறும் குழுக்கள் இருந்தன. வீட்டுக்கு வந்து பார்ப்பவர் இருந்தனர். குடிக்கிறானா, சேமித்தானா, உறவினர் உண்டா என்று குறித்து வைத்தனர். உதவிக்குத் தக்க ஏழை, தகாத ஏழை என்று பிரித்தனர். தகாதவனுக்கு ஏழையர் சட்டத்தின் பணிவிடுதி. சிறையை ஒத்த விடுதி அது.

அதே எண்ணம் வெள்ளையர் ஆட்சியோடு இந்நாட்டுக்கும் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தின்ற தாதுவருடப் பஞ்சத்தின்போது, இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவர், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று கட்டளையிட்டார். எளிதாகக் கிடைத்தால் சோம்பேறிகள் வந்துவிடுவார்களாம்! ஓர் இராத்தலில் உடல் உழைக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில திங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். தகுதியைச் சோதித்த பிறகே கஞ்சி என்பவர்கள் இந்தப் பக்கத்தை வரலாற்றிலிருந்து கிழித்துவிட முடியாது.

ஆனால் இலண்டன் சங்கத்திடமும் ஒன்று இருந்தது. வடலூரிடம் அது இல்லை. அவர்கள் வீட்டுக்குள் போனார்கள். தீய நோக்கோடு போயிருக்கலாம். ஆயினும் வறுமை தனியாளுக்கு வருவதில்லை, குடும்பத்துக்கு வருகிறது என்று கண்டார்கள். தருமசாலை வந்து அமர்ந்தவனுக்குச் சோறிடுகிறது. அவன் வீட்டில் காய்ச்சலோடு கிடப்பவளுக்கு? வட்டிக்காரன் பூட்டிச் சென்ற தையல் எந்திரத்துக்கு? மூன்று மாத வீட்டு வாடகைக்கு? பந்தியில் விரித்த இலை இவற்றுக்கு எட்டாது. இலண்டன் சங்கத்தின் கதை அதோடு முடியவுமில்லை. முதியோர்க்கு அரசு ஓய்வூதியம் கூடாது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச உணவு கூடாது, கொடுத்தால் குடும்பப் பொறுப்புக் கெடும் என்று அது வாதாடிற்று. இங்கிலாந்தின் நாடாளுமன்றமோ 1906-இல் பள்ளி உணவுச் சட்டத்தையும் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தையும் இயற்றியது. உலகம் தங்களைத் தாண்டிப் போய்விட்டதை உணர்ந்து சங்கமும் மாறிற்று. 1946-இல் குடும்ப நலச் சங்கம் என்றும், 2008-இல் "ஃபேமிலி ஆக்ஷன்" என்றும் பெயர் மாற்றிக்கொண்டு, துன்புறும் குடும்பங்களோடு நிற்கும் நிலையமாக இயங்கிவருகிறது. இரத்தலை ஒடுக்கப் பிறந்தது இப்படி மாறக்கூடுமானால், நம் ஊர் நிலையங்கள் மாறாமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

தமிழ்நாட்டில் சோறு கொடையிலிருந்து உரிமையாக மாறிய வரலாறு நமக்குத் தெரிந்ததே. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. தொடக்கக் கல்விப் பணத்தில் இதற்குச் செலவிடக் கூடாதென்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925-இல் அது நின்றது. பின்னர் 1956-இல் காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், ஊர்மக்கள் நன்கொடையும் அரசின் பங்கும் சேர்ந்த மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவைப் பள்ளியில் வழங்க வேண்டுமென நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022-இல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. அணாக் கணக்கில் தொடங்கியது சட்டத்தில் வந்து நின்றது. நான் பிள்ளைகளோடு மணியடிக்கக் காத்திருப்பவன். தட்டை ஏந்தி வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் கடன்பட்டவனின் குனிவு இல்லை என்பதை நாள்தோறும் காண்கிறேன். பக்கத்துப் பிள்ளையும் அதே தட்டோடு நிற்கிறான். ஆகவே யாரும் யாருக்கும் ஏழையல்லன்.

சட்டம் வந்துவிட்டதால் சாதி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமைக்க வந்த பெண் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஊரார் சிலர் எதிர்த்தனர். அவரை மாற்றவும் செய்தனர். கண்டனம் எழுந்த பின்னரே மாற்றம் கைவிடப்பட்டது. 1867-இல் இலை விரித்த இடத்திலேயே நாம் இன்னும் சண்டையிட வேண்டியிருக்கிறது. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. கொடையாயிருந்தால் அந்தப் பெண் போயிருப்பாள், ஊர் ஓய்ந்திருக்கும். உரிமையாயிருந்ததால் வழக்கு வந்தது, அரசு விடை சொல்ல நேர்ந்தது.

அப்படியானால் ஊர் அறநிலையங்களை மூடிவிடலாமா? கூடாது. அரசின் ஏட்டில் பெயரில்லாத பசிகள் உண்டு. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, குடும்ப அட்டையில்லாத வடநாட்டுத் தொழிலாளர் கட்டடங்களின் எலும்புக்கூடுகளுக்குள்ளே முடங்கிக் கிடந்தார்கள். பல ஊர்களில் முதற்சோறு கொண்டுபோனவர்கள் தெரு இளைஞர்களே. கணவன் விட்டுச்சென்றவள், கேட்கும் சான்றுகளைக் காட்ட முடியாவிட்டால், திட்டங்களுக்கு நடுவிலே விழுந்து கிடக்க நேர்கிறது. 2023-இல் தொடங்கிய மகளிர் தொகையின் பெயரிலேயே உரிமை என்ற சொல் இருக்கிறது. அதற்கும் விண்ணப்பம் உண்டு, வரம்பு உண்டு, தள்ளுபடி உண்டு. தள்ளப்பட்டவள் மேல்முறையீடு எழுத யாரிடம் போவாள்? ஊர் நிலையத்தின் உண்மையான வேலை அந்த வாசலிலே காத்திருக்கிறது.

ஆனால் நடப்பது வேறு. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கு ஓர் அறக்கட்டளையினர் சீருடை வழங்க வந்தனர். மேடை, மாலை, ஒலிபெருக்கி, படப்பிடிப்பு எல்லாம் முறையாக இருந்தன. "வறிய மாணவர்" இருபதின்மர் பெயரை ஒருவர் உரக்கப் படித்தார். பத்தொன்பது பிள்ளைகள் மேடையேறினர். ஒரு பெண் மட்டும் எழவில்லை. இரண்டாம் முறையும் படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். கிழிந்த சீருடைதான் உடுத்தியிருந்தாள். "திமிர் பிடித்த பெண்" என்றார் வந்தவருள் ஒருவர். அடிகள் எழுதிய நாவெழாத மானியை நான் நூலில் அல்ல, அந்த மூன்றாம் வரிசையிலே கண்டேன். சீருடை மறுநாள் தலைமையாசிரியரின் அலமாரிக்குப் போயிற்று. படம் மட்டும் நிலையத்தின் ஆண்டுமலரிலே வந்தது.

அத்தகைய நிலையத்தின் விண்ணப்பத்தாள் ஒன்றையும் படித்துப் பார்த்தேன். கணவர் குடிப்பாரா, எத்தனை வேளை உண்கிறீர்கள், உறவினர் ஏன் உதவவில்லை என்றெல்லாம் வினவியிருக்கிறது. 1869-ஆம் ஆண்டு இலண்டன்காரர் கேட்டவை! வடலூர் அடுப்பின் படத்தைத் தலைப்பிலே அச்சிட்டுக்கொண்டு இந்த வினாக்களைக் கீழே அச்சிடுவதற்குத் தனித்துணிவு வேண்டும். எந்த முதலாளி கூலி தரவில்லை, எந்த அலுவலகம் எத்தனை முறை திருப்பியனுப்பியது, வட்டி நூற்றுக்கு எவ்வளவு என்ற வினாக்கள் அதில் இல்லை. வறுமைக்குக் காரணம் ஏழையின் வீட்டுக்குள்ளேதான் இருக்கும் என்று முடிவுகட்டிவிட்ட பிறகே அந்தத் தாள் அச்சுக்குப் போயிருக்கிறது. முற்பிறப்பு என்று அடிகள் சொன்னதைக் குடிப்பழக்கம் என்று இவர்கள் மாற்றிக்கொண்டார்கள். குற்றவாளிக் கூண்டு மட்டும் மாறவில்லை.

ஊர்தோறும் நற்பணி மன்றம் நடத்தும் இளைஞர்கள் இந்த ஏட்டைப் படிப்பவர்களில் பலர் உண்டு. அவர்களிடம் சில கேட்பேன். அரிசிப் பையின்மேல் கொடுத்தவர் படத்தை அச்சிட வேண்டா. வாங்கியவர் படத்தை எங்கும் அச்சிட வேண்டா. பட்டியலை ஒலிபெருக்கியில் படிக்க வேண்டா. இருட்டிய பிறகு வீட்டுத் திண்ணையில் பையை வைத்துவிட்டு வந்தால் பை கனம் குறைந்துவிடாது. மன்றத்தின் அறையில் வாரத்தில் இரண்டு மாலை ஒரு மேசையைப் போட்டு, முதியோர் ஓய்வூதியம், குடும்ப அட்டை, கல்வி உதவித்தொகை, மேல்முறையீடு என எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கொடுங்கள். நிராகரிக்கப்பட்ட மனு ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரே அலுவலகத்தில் ஒரே காரணத்துக்காகப் பத்து மனு தள்ளப்பட்டால் பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். ஆண்டுமலர் போடுவதாயிருந்தால், எத்தனை குடும்பங்களுக்கு உதவினோம் என்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், எத்தனை குடும்பங்களுக்கு இந்த ஆண்டு நம் உதவி தேவைப்படாமல் போயிற்று என்ற எண்ணையும் அச்சிடுங்கள்.